ஆடியில் குடிபோகக் கூடாதாம்

ஆடி மாதம் வீடு மாறக் கூடாது, புதிதாக எதையும் தொடங்கக் கூடாது என்பார்கள். கல்யாணப் பத்திரிகை அடித்துப் பிழைக்கிறவளுக்கு ஆடியை விட்டால் வேறு மாதம் ஏது? ஆவணி பிறந்துவிட்டால் கல்யாணம், காதுகுத்து, புண்ணியார்ச்சனை என்று ஆட்கள் வந்தபடி இருப்பார்கள். ஆடியில்தான் கடையில் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதனால் 2025 ஜூலையில், ஆடி முதல் தேதி தேங்காய் சுட்டு முடித்த மறுநாளே, கடைக் கம்ப்யூட்டரை விண்டோஸிலிருந்து லினக்ஸ் என்கிற வேறொரு சிஸ்டத்துக்குக் குடிமாற்றினேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

கடை கோபியில், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்தான். பத்துக்குப் பன்னிரண்டு அடி. சிவகாசி சாம்பிள் அட்டைகள் அடுக்கிய இரும்பு அலமாரி ஒன்று, ஒரு லேசர் பிரிண்டர், வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு, அப்புறம் இந்தப் பொட்டி. 2013இல் வாங்கியது. ஐ3 பிராசஸர், மூன்றாம் தலைமுறை. 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். வரும்போது விண்டோஸ் 7 இருந்தது. 2016இல் இலவசமாகத் தருகிறார்கள் என்றதும் விண்டோஸ் 10க்கு மாறினேன். அதற்கப்புறம் வருடா வருடம் மெதுவாகிக்கொண்டே வந்தது. காலையில் பட்டனை அழுத்திவிட்டு, வாசல் கூட்டித் தண்ணீர் தெளித்து, சாமி படத்துக்குப் பூப்போட்டு, எதிர்க்கடையில் டீ வாங்கிக் குடித்துவிட்டு வந்தால் அப்போதுதான் கடிகாரம் சுற்றுவதை நிறுத்தியிருக்கும்.

விண்டோஸ் 10க்குப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14ஓடு முடிகிறது என்று திரையில் அடிக்கடி வந்துகொண்டிருந்தது. பதினொன்றுக்குப் போகலாமா என்று அண்ணன் மகளிடம் கேட்டேன். ஈரோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இது மூணாந்தலைமுறைங்க அத்தை. அங்க எட்டாந்தலைமுறையில இருந்துதான் பொண்ணு எடுப்பாங்களாம்."

பிராசஸர் மட்டும் இல்லை. டிபிஎம் 2.0 என்று ஒரு பாதுகாப்புச் சில்லும் வேண்டுமாம், என் போர்டில் அது கிடையாது. எப்படியாவது ஏமாற்றி ஏற்றிவிடலாம் என்று தெரிந்த ஒருவர் சொன்னார். கல்யாணத் தேதியை நம்பி ஓடுகிற கடையில் ஏமாற்றி ஏற்றினதை வைத்துக்கொண்டு நான் தூங்க முடியாது. புதுசு வாங்கலாம் என்றால் முப்பத்தைந்தாயிரம் சொன்னார்கள். அவ்வளவு போடுகிற வருடமாக அது இல்லை.

ஆனால் பணமும் அக்டோபரும் பாதிக் காரணம்தான். மீதிக் காரணம் வாட்ஸப்.

முன்பெல்லாம் ஆட்கள் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டு வருவார்கள், இல்லாவிட்டால் மூத்த மகள் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து "இதே மாதிரி, பேரு மட்டும் மாத்தி" என்பார்கள். இப்போது எல்லாருமே வாட்ஸப்பில் தமிழிலேயே அடித்து அனுப்பிவிடுகிறார்கள். அதைக் காப்பி எடுத்து, நான் பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் மென்பொருளில் ஒட்டினால் வரிசையாகக் கேள்விக்குறி. பேஜ்மேக்கர் 7 வந்தது 2001இல். அதோடு அதன் வம்சம் முடிந்துவிட்டது. போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு யூனிகோடு, அது என்றால் இதற்குத் தெரியாது. ஆக, வாடிக்கையாளர் ஒழுங்காக அடித்து அனுப்பியதைப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு நான் மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டும். அடிக்கும்போது பிழை வரும். கல்யாணப் பத்திரிகையில் மாமன் பெயரில் பிழை வந்தால் என்ன நடக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பாமினி தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் தொழில் கற்ற காலத்து எழுத்துரு அது. கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது, ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வேஷம் போட்டுவிடுவதுதான் பாமினி. நீங்கள் திரையில் 'அம்மா' என்று பார்ப்பீர்கள். உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். எழுத்துரு இருக்கிறவரை அம்மா. எடுத்துவிட்டால் எம் கே அரைப்புள்ளி கே ஹெச். 1999இல் சென்னையில் தமிழ் இணைய மாநாடு கூடி டாம், டாப் என்று குறியீடுகளைத் தரப்படுத்தியது, தமிழ்99 விசைப்பலகையும் அப்போது வந்ததுதான். 2010இல் நம் கோயமுத்தூரில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில் யூனிகோடுதான் இனி அரசுத் தரம் என்று ஆணையே வந்தது. நானும் மாநாடு நடந்த கொடிசியா வளாகம் வரை போய்க் கண்காட்சியெல்லாம் பார்த்துவிட்டு வந்தேன். வந்து மறுநாள் கடையைத் திறந்து பாமினியிலேயே அடித்தேன். கையில் இருந்தது அது. பதினைந்து வருடம் அப்படியே ஓடிவிட்டது.

என் கை டைப்ரைட்டிங் கை. பத்தாவது லீவில் அய்யன் இன்ஸ்டிடியூட்டில் சேர்த்துவிட்டார். தமிழ் லோயர், ஹையர் இரண்டும் அந்த இரும்பு மெஷினில்தான் பாஸ் பண்ணினேன். யளனக யளனக என்று சுண்டுவிரல் வீங்க வீங்க அடித்துப் பழகினது. பாமினியின் விசை வரிசையும் கிட்டத்தட்ட அதே என்பதால் இருபத்தைந்து வருடமாக விசைப்பலகையைக் குனிந்து பார்த்ததே இல்லை.

சரி, வேலைக்கு வருகிறேன்.

முதலில் பொட்டியைத் திறந்தோம். பன்னிரண்டு வருடத்தில் மூன்றாவது தடவை. உள்ளே பவர் சப்ளைக்கு அடியில் இரண்டு பல்லி முட்டை, பொரித்துப்போன ஓடு. பிராசஸருக்கு மேலே இருக்கிற ஃபேனுக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் தூசி கெட்டியாக, இலவம் பஞ்சு மாதிரி, கிள்ளி எடுத்தால் முழுசாக வந்தது. அடைத்துக்கொண்டு காற்றே போகவில்லை. பிராசஸர் சூடேறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நான் விண்டோஸைத் திட்டிக்கொண்டிருந்த வருடங்களில் பாதி அந்தப் பஞ்சைத் திட்டியிருக்க வேண்டும். பஞ்சர் கடை ஹோஸில் காற்றடிக்கலாம் என்றேன், அண்ணன் மகள் விடவில்லை. அதில் தண்ணீரும் சேர்ந்து வருமாம். பெயிண்ட் பிரஷ்ஷால் துடைத்து, ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு ஊதி, காய்ந்து சுண்ணாம்பாகிக் கிடந்த, சூடு கடத்துகிற பேஸ்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதுசு தடவினோம்.

256 ஜிபி எஸ்எஸ்டி, அதாவது வேகமான புதுவகை டிஸ்க், ஆயிரத்து எழுநூறு. பழைய டிடிஆர்3 ராம், 4 ஜிபி, ஈரோட்டில் செகண்ட்ஸில் அறுநூறு. போர்டில் பட்டன் செல் ஒன்று, சிஆர் 2032, நாற்பது ரூபாய். இந்த நாற்பது ரூபாய் சமாச்சாரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். செத்துப்போன செல்லோடு நான் இரண்டு வருடமாகக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தேன். கரண்ட் போய் யூபிஎஸ்ஸும் தீர்ந்தால் பொட்டியின் தேதி பின்னால் போய்விடும். தேதி தப்பினால் பிரவுசர் எந்தத் தளத்தையும் நம்பாது, 'பாதுகாப்பில்லை' என்று சிவப்பாகக் காட்டும். நெட் கம்பெனிக்குப் போன் போட்டு எத்தனை நாள் சண்டை பிடித்திருக்கிறேன். பாவம், அந்தப் பையன் ரெண்டு தடவை வந்து கேபிள்கூட மாற்றிக் கொடுத்தான்.

பழைய ஹார்ட் டிஸ்க்கை அழிக்கவில்லை. அதில்தான் கடை இருக்கிறது. 2001இலிருந்து அடித்த பத்திரிகை எல்லாம் அதில். ஃப்ளாப்பியிலிருந்து சிடிக்கு, சிடியிலிருந்து முந்தின கம்ப்யூட்டருக்கு, அங்கிருந்து இங்கே. அதற்கு முந்தின மூன்று வருடத்து வேலை இருந்த சிடிகள் படிக்க வரவில்லை, ஓரம் எல்லாம் வெள்ளை பூத்துவிட்டது. அதனால் எஸ்எஸ்டியில் லினக்ஸ், பழைய டிஸ்க் விண்டோஸோடு அப்படியே பக்கத்தில், எது வேண்டுமோ பொட்டி எழும்போது எஃப்12 அழுத்தித் தேர்ந்தெடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். இன்ஸ்டால் பண்ணும்போது மட்டும் பழைய டிஸ்க்கின் கேபிளைப் பிடுங்கி வைத்தேன். அண்ணன் மகள் "தப்பா ஒண்ணும் ஆகாதுங்க அத்தை" என்றாள். கேபிளே இல்லாவிட்டால் தப்பு ஆக வழியே இல்லையே. வயசானவர்கள் புத்தி அப்படித்தான் போகும்.

ஏற்றினது லினக்ஸ் மின்ட் 22.1, எக்ஸ்எஃப்சிஇ. மின்ட்காரர்கள் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு பெண்பிள்ளை பெயர் வைக்கிறார்கள். 22க்கு வில்மா, 22.1க்கு ஸியா. உபுண்டு 24.04ஐ அடிப்படையாக வைத்தது, 2029 வரை அப்டேட் உண்டு. எக்ஸ்எஃப்சிஇ என்பது திரையில் தெரிகிற முகப்பு, பழைய மெஷினுக்கு ஏற்ற இலகுவான வகை. அதன் சின்னம் எலி. பிள்ளையார் சுழி போடாமல் நான் எந்தப் பத்திரிகையும் தொடங்கியதில்லை, அவர் வாகனமே வந்து நிற்கிறதே என்று பட்டது. அம்மாவுக்குச் சொல்ல ஒரு சமாதானமும் ஆயிற்று.

பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம் என்பது எனக்கு முன்பு தெரியாது. டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட எழுதாமல், முழு சிஸ்டமும் பென் டிரைவிலேயே எழுந்து நிற்கிறது. நெட் வருகிறதா, சவுண்டு வருகிறதா, திரை சரியாகத் தெரிகிறதா என்று ஒரு மத்தியானம் முழுக்க ஓட்டிப் பார்த்தேன். பெண் பார்க்கப் போய்க் கை நனைக்காமல் வருகிற மாதிரி. எல்லாம் வந்தது, பிரிண்டர் மட்டும் வரவில்லை. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அன்று பொழுதோடு இன்ஸ்டால் கொடுத்தோம். பஜ்ஜி வாங்க ஆள் அனுப்பினேன், பஜ்ஜி வருவதற்குள் முடிந்துவிட்டது.

மறுநாள் காலை பட்டனை அழுத்திவிட்டு விளக்குமாற்றை எடுத்தேன். வாசலுக்குப் போவதற்குள் திரை வந்து நின்றுவிட்டது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வெறுமனே நின்றேன்.

பிரிண்டர் கதை இரண்டு நாள் ஓடியது. டிடிபி கடைக்குக் கடை இருக்குமே, அந்தச் சின்ன வகை லேசர் பிரிண்டர்தான். கம்பெனி பெயர் வேண்டாம். அதன் சிக்கல் என்னவென்றால், அதற்குச் சொந்தப் புத்தி கிடையாது. ஆஃப் பண்ணினால் எல்லாம் மறந்துவிடும். ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் கம்ப்யூட்டர்தான் ஃபர்ம்வேர் என்கிற ஒரு சின்ன நிரலை அதற்குள் அனுப்பி, நீ பிரிண்டர், உன் வேலை இது என்று சொல்ல வேண்டும். விண்டோஸில் அது நமக்குத் தெரியாமல் நடந்துகொண்டிருந்தது. லினக்ஸில் அந்தத் துண்டு நிரல் கூடவே வருவதில்லை. கம்பெனியின் உரிமம் அதற்குத் தனி, நாமாகத்தான் 'சரி' என்று ஒப்புக்கொண்டு இறக்கிக்கொள்ள வேண்டும். அது தெரியாமல் நான் கேபிளை மாற்றி, டோனரை ஆட்டி, பிரிண்டரைத் தட்டி, எல்லாம் பார்த்துவிட்டேன். பச்சை விளக்கு எரியும், தாள் நகராது. கடைசியில் அண்ணன் மகள் போனிலேயே சொல்லச் சொல்ல இரண்டு வரி கட்டளை அடித்தேன். டர்ர்ர் என்று ஒரு சத்தம். ட்ரேசிங் பேப்பரில் முதல் அவுட் வந்தபோது கையால் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது.

அடுத்தது பழைய டிஸ்க். கேபிளைத் திரும்ப மாட்டினால் லினக்ஸில் எல்லா ஃபைலும் தெரிந்தது. திறக்கவும் முடிந்தது. திருத்திச் சேமிக்க மட்டும் விடவில்லை. படிக்கலாம், எழுதக் கூடாது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. டிஸ்க் சாகப் போகிறதோ என்று நினைத்தேன். விஷயம் வேறு. விண்டோஸ் 10இல் ஷட்டவுன் கொடுத்தால் அது முழுசாகப் படுப்பதில்லை, மறுநாள் சீக்கிரம் எழுந்திருக்கப் பாதித் தூக்கத்தில் படுத்திருக்கும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று பெயர். தூங்குகிறவன் வீட்டில் சாமானை நகர்த்தக் கூடாது என்று லினக்ஸ் தொடாமல் நிற்கிறது. நியாயம்தான். ஒரு தடவை விண்டோஸுக்குள் போய், ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ஷட்டவுன் கொடுத்தேன். அப்படிக் கொடுத்தால் முழுசாக அணையும். அப்புறம் எழுதவும் விட்டது. அந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணைத்தாயிற்று. வெளி டிஸ்க்குகள் இரண்டில் எல்லாவற்றையும் பிரதி எடுத்து, ஒன்றை வீட்டுப் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

பேஜ்மேக்கர் ஃபைல்களைத் திறக்க விண்டோஸுக்குத்தான் போக வேண்டும் என்று நினைத்திருந்தேன். லினக்ஸ் மின்ட்டோடு வருகிற லிப்ரே ஆபீஸில் டிரா என்று ஒன்று இருக்கிறது. 2015இல் வந்த 4.4 பதிப்பிலிருந்தே அது பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கிறதாம். பத்து வருடமாக இந்த வசதி உலகத்தில் இருந்திருக்கிறது, எனக்கு யாரும் சொல்லவில்லை. 2004இல் அடித்த ஒரு கல்யாணப் பத்திரிகையை இழுத்துப் போட்டேன். முதலில் எல்லாம் எம் கே அரைப்புள்ளிதான். பாமினி எழுத்துருவை டபுள் கிளிக் பண்ணி நிறுவிவிட்டுத் திரும்பத் திறந்ததும், அப்படியே தமிழாக நின்றது. அளவுகள் கொஞ்சம் கோணல். நட்டநடுவில் இருக்க வேண்டிய குத்துவிளக்கு மாப்பிள்ளை வீட்டார் பக்கமாகச் சாய்ந்திருந்தது. எழுத்து ஒன்றும் சிதையவில்லை.

புது வேலைக்கெல்லாம் பேஜ்மேக்கர் மாதிரியே பக்கம் வடிவமைக்கிற ஸ்கிரைபஸ். அதன் 1.6 பதிப்பு 2024இல் வந்தது. பழைய 1.4இல் கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தனியாக நின்றுகொண்டிருக்கும், நான் அப்போதே ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று எடுத்தவள். இப்போது ஒழுங்காக ஒட்டி வருகிறது. வாட்ஸப் மேட்டரைக் காப்பி எடுத்து ஒட்டினேன், ஒட்டியது. அவ்வளவுதான். கேள்விக்குறி இல்லை. இதைச் சாதனையாக ஒருத்தி எழுதுகிறாளே என்று சின்னப் பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

எழுத்துருதான் குறை. பாமினி காலத்தில் பத்திரிகைக்கென்றே வளைவு நெளிவோடு நூற்றுக்கணக்கில் எழுத்துரு இருந்தது. யூனிகோடில் இலவசமாகக் கிடைப்பது அவ்வளவு இல்லை. தமிழ் இணையக் கல்விக்கழகம் கொடுப்பதில் மருதம் எனக்குப் பிடித்தது. வயலும் வாய்க்காலுமாக இருக்கிற எங்கள் ஊருக்கு அந்தப் பெயரே போதும். ஆனால் அது ஆபீஸ் கடிதாசிக்குப் பொருத்தமான முகம். முகூர்த்தப் பத்திரிகையில் மணமகள் பெயருக்கு அது வெறும் கழுத்தோடு நிற்கிற மாதிரி இருக்கிறது. அந்த இடத்துக்கு மட்டும் இன்னும் பாமினி காலத்து எழுத்துருவிலேயே அடித்துப் படமாக வைத்துவிடுகிறேன். கொஞ்சம் திருட்டுத்தனம்தான்.

விசைப்பலகைக்கு ஐபஸ், எம்17என் என்று இரண்டைப் போட்டதும் தமிழுக்கு ஒரு பட்டியலே வந்தது. தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், பொனடிக் எல்லாம் இருந்தன. கூடவே டைப்ரைட்டரும். அதைப் பார்த்ததும் மனசு லேசாகிவிட்டது. அண்ணன் மகள் இதுதான் சாக்கு, தமிழ்99 கற்றுக்கொள்ளுங்கள், ஒரு வாரத்தில் வந்துவிடும் என்றாள். இல்லை சாமி, ஆவணிக்கு ரெண்டு வாரம்தான் இருக்கிறது என்றேன்.

இங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

ஆவணிக்கு முன்பே, ஆடிக் கடைசி வாரத்தில், கள்ளிப்பட்டிப் பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்தார். பேத்திக்குக் கல்யாணம். 2002இல் அவர் மகளுக்கு நான்தான் பத்திரிகை அடித்துக் கொடுத்தேன். அதையே கொண்டுவந்திருந்தார், பாலிதீன் கவரில் போட்டு, மடிப்புக் கலையாமல்.

"அம்மிணி, இதே வாசகம் இருக்கோணும். அப்ப நீ அடிச்சுக் குடுத்தது ராசியான பத்திரிகை."

ஃபைல் இருந்தது. திறந்தேன், எழுத்தை எடுத்தேன். பாமினியை யூனிகோடாக மாற்ற நெட்டில் பொங்குதமிழ் என்ற செயலி ரொம்ப காலமாக இருக்கிறது. கொங்குக்காரிக்குப் பொங்குதமிழ். ஆனால் அண்ணன் மகள் விடுமுறையில் தானே பைத்தான் என்கிற நிரல்மொழியில் ஒன்று எழுதியிருந்தாள், அத்தை கடைக்கென்று. ஆசையாக எழுதினதை ஓட்டாமல் இருக்க முடியுமா? ஓட்டினேன். கண்ணுக்கு எல்லாம் கச்சிதமாக வந்தது. பெரியவர் பேனாவை எடுத்துப் பழைய பத்திரிகையில் உறவுமுறைப் பெயர்களை வாய்விட்டுப் படித்துப் படித்து, இறந்தவர்கள் பெயரைக் கோடு போட்டு அடித்தார். பதினான்கு பேரில் ஒன்பது பேர் இப்போது இல்லை. ஒவ்வொரு பெயருக்கும் கொஞ்சம் நிறுத்தி, யார் எப்போது போனார் என்று சொல்லிக்கொண்டே அடித்தார். நான் திரையில் தேடி எடுத்துக்கொண்டே வந்தேன்.

"மாரியம்மாள்னு இருக்கும் பாரு. என்ற வீட்டுக்காரி. அதை எடுத்துப் படத்துக்குக் கீழ வெச்சிரு."

தேடல் பெட்டியில், டைப்ரைட்டரை விட்டு வேறு விசைமுறைக்கு மாற்றி, மாரியம்மாள் என்று அடித்துத் தேடினேன். இல்லை என்றது. மாரியம்மாள் என்ற பெயர் எனக்கு நேராக, திரையின் நடுவில் இருக்கிறது. கம்ப்யூட்டர் இல்லை என்கிறது. மறுபடி தேடினேன். இல்லை. பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெயரை ஒவ்வொரு எழுத்தாக அழித்துப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. அந்தக்கால அச்சில் ர், ரி, ரீ மூன்றுக்கும் கீழே கால் இழுக்க மாட்டார்கள். ரகரமும் துணைக்காலும் அந்த இடத்தில் ஒரே உருவம். அதனால் டைப்ரைட்டரில் ரி அடிக்க ரகர விசைக்குப் போக மாட்டோம், துணைக்காலை அடித்து மேலே சுழியைப் போட்டுவிடுவோம். இரும்பு மெஷின் கேட்கவா போகிறது, தாளில் விழுவது மைதானே. பாமினிக்கும் அதே கதை. இருபத்தைந்து வருடமாக நான் அடித்த எந்த மாரியிலும் ரகரமே இல்லை. கார்த்திகேயனிலும் இல்லை, ஈஸ்வரியிலும் இல்லை. வெறும் கால்தான். பெயர் மாதிரியே தெரிகிற வேறு ஒன்று. அண்ணன் மகள் நிரலில் துணைக்காலுக்குப் பின்னால் சுழியோ புள்ளியோ வந்தால் அது ரகரம் என்று ஒரு விதி விட்டுப்போயிருந்தது. டைப்ரைட்டர் பார்க்காத பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? போனில் சொன்னதும் "அய்யோ, இப்படியெல்லாமா ஏமாத்துவீங்க அத்தை" என்றாள். இரண்டு வரி சேர்த்து அனுப்பினாள். ஓட்டினேன். தேடினேன். மாரியம்மாள் கிடைத்தாள்.

செளந்தர்யா விஷயம் அவளாலும் முடியவில்லை. 'செ'வுக்குப் பக்கத்தில் நிற்பது ளகரமா, ஒளகாரக் குறியா என்பது பாமினியில் எழுதினவளுக்கே வெளிச்சம். அதைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்திக்கொள்கிறேன்.

பெரியவர் நாலு நாள் கழித்துப் புரூஃப் பார்க்க வந்தார். கொள்ளுப்பேரன் பேத்திகள் பெயர் புதிதாகச் சேர்த்தது, அது நானே நேரடியாக அடித்தது. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு மேலிருந்து விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தவர் கடைசி வரியில் நின்றார்.

"ஏனம்மிணி, எல்லாப் பேரும் நல்லாருக்குது. இந்தப் புள்ளை பேருக்கு முன்னால மட்டும் என்ன, புள்ளி புள்ளியா ஒரு வட்டம்? திருஷ்டிப் பொட்டா?"

ரித்விகா. நான் யு விசையில் இருக்கிற ரகரத்தை அடிக்கவில்லை. ஹெச்சில் இருக்கிற காலையும் பியில் இருக்கிற சுழியையும் அடித்திருக்கிறேன், கை தன்பாட்டுக்கு. சொல்லுக்கு நடுவில் வந்தால் தெரியாமல் ஒளிந்துகொள்கிறது, சொல்லின் முதலில் வந்தால் ஒட்டிக்கொள்ள எழுத்து கிடைக்காமல் கம்ப்யூட்டர் ஒரு புள்ளி வட்டத்தைப் போட்டு, இங்கே ஒரு ஆள் குறைகிறது என்று காட்டிவிடுகிறது.

திருத்தி நானூறு அட்டைக்குக் கொடுத்தேன். மாரியம்மாள் பெயரும் படமும் மேலே இடது ஓரத்தில். ஆவணியில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது, போய் மொய் வைத்துச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

ஆயுத பூஜைக்குக் கடையைக் கழுவும்போது அம்மா வந்து பொட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தது. இது என்ன சாமி சத்தமே இல்லாம ஓடுது என்று கேட்டது. மாத்தினேன் என்றேன். எப்ப என்றது. வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருந்த சின்னச் சீட்டைக் கிழிக்கப் போனது, வேண்டாம் என்று பிடுங்கித் திரும்ப ஒட்டினேன். 'ரி: யு, பி. ஹெச் இல்லை' என்று எழுதியிருக்கும். இன்று காலையில்கூட இரண்டு தடவை ஹெச்சைத்தான் அடித்தேன்.